நியமனக் கடிதம் இல்லாமல் ஏழு வருடம் வேலை செய்தவருக்கு என்ன உரிமை இருக்கிறது?

யாழ்ப்பாண நகரில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்யும் தங்கச்சி ஒருவர் கேட்டிருக்கிறார். 2018 ஆடி மாதம் 18,000 ரூபா சம்பளத்துக்குச் சேர்ந்தவர். ஏழு வருடம் தாண்டிவிட்டது, இப்போது சம்பளம் 32,000. எல்லாம் கையில் காசாகத்தான். கடையில் மொத்தம் ஒன்பது பேர் வேலை செய்கிறார்கள். நியமனக் கடிதம் இல்லை, ஈ.பி.எப் (ஊழியர் சேமலாப நிதி) இல்லை. போன கிழமை ஈ.பி.எப் பற்றி வாய் திறந்து கேட்டதற்கு, "நாளையிலிருந்து வரத் தேவையில்லை" என்று முதலாளி சொல்லிவிட்டார். "எனது சொந்த விருப்பத்தில் வேலையிலிருந்து விலகுகிறேன்" என்று எழுதி வைத்திருக்கும் தாளில் கையெழுத்துப் போட்டால் 50,000 ரூபா தருவதாகவும் சொல்லியிருக்கிறார். முதலாளி அம்மா வழியில் தூரத்துச் சொந்தம். "ஒரு கடிதமும் கையில் இல்லாமல் நான் எங்கே போய் என்ன சொல்வது, அக்கா?" என்று முடித்திருக்கிறார்.

தங்கச்சி, அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். மற்ற எதையும் நாளைக்குப் பார்க்கலாம், இதில் மட்டும் இன்றைக்கே உறுதியாக இருங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், உங்களை அவர் விலக்கினாரா, நீங்களாக விலகினீர்களா என்ற ஒரு கேள்வியில்தான் உங்கள் வழக்கின் பாதி தங்கியிருக்கிறது. விலக்கினார் என்றால், ஏன் விலக்கினேன் என்று அவர் காரணம் காட்ட வேண்டும். நீங்களாக விலகினீர்கள் என்று தாள் சொன்னால், அவரை யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். 2011இல் என் தம்பி ஒரு இரும்புக் கடையில் வேலை செய்தான். சம்பளக் கணக்கு முடிக்கிறோம் என்று சொல்லி ஒரு வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கினார்கள். மூன்று மாதம் கழித்து அதே தாள் தட்டச்சு செய்த விலகல் கடிதமாக வந்தது, "எனக்குச் சேரவேண்டிய அனைத்தையும் பெற்றுக்கொண்டேன்" என்ற வரியோடு. அவனை நிறுத்தியதற்கான நட்டஈடு கடைசிவரை கிடைக்கவில்லை. ஈ.பி.எப் மட்டும் கிடைத்தது. அந்த வழக்குக்காகத்தான் நான் முதன்முதலில் தொழிற்சட்டங்களைப் படித்தேன். அன்றிலிருந்து எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு முறைப்பாடு எழுதிக் கொடுத்து வருகிறேன்.

ஒருவேளை இதை வாசிக்கும் இன்னொருவர் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தால், எல்லாம் போய்விட்டது என்று இருந்துவிட வேண்டாம். என்ன சூழ்நிலையில், யார் முன்னால், என்ன சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள் என்று அன்றைக்கே எழுதி, முதலாளிக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். மூன்று மாதம் கழித்துச் சொல்வதற்கும் மூன்று நாளில் சொல்வதற்கும் பெறுமதி வேறு.

அடுத்தது, நாளைக்குக் காலையில் வழமையான நேரத்துக்குக் கடைக்குப் போங்கள். போக மனம் வராது என்று தெரியும், ஆனாலும் போங்கள். தனியாகப் போகாமல் வீட்டிலிருந்து ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய் வாசலில் நிற்கச் சொல்லுங்கள். வாயால் நிறுத்தும் முதலாளிமார் பிறகு சொல்லும் முதல் கதை, "நாங்கள் நிறுத்தவில்லை, அவதான் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுப் போனவ" என்பதுதான். நிறுத்தியதை முதலாளி ஒத்துக்கொண்டால், அது நியாயமானது என்று காட்டும் பொறுப்பு அவருடையது. நிறுத்தவே இல்லை என்று அவர் மறுத்தால், நிறுத்தினார் என்று காட்டும் பொறுப்பு உங்கள் தலையில் விழுகிறது. அதற்கு இடம் கொடுக்கக் கூடாது. உள்ளே விடவில்லை என்றால் சண்டை பிடிக்காமல் திரும்பி வந்து, அன்றைக்கே இப்படி ஒரு கடிதம் எழுதுங்கள்:

"நான் தங்கள் கடையில் 2018 ஆடி மாதம் முதல் விற்பனைப் பகுதியில் வேலை செய்து வருகிறேன். இம்மாதம் இத்தனையாம் திகதி, இனி வேலைக்கு வரத் தேவையில்லை என்று வாய்மொழியாகச் சொன்னீர்கள். இத்தனையாம் திகதி காலை வழமைபோல் வேலைக்கு வந்தபோதும் அனுமதிக்கப்படவில்லை. நான் வேலையிலிருந்து விலகவில்லை. தொடர்ந்து வேலை செய்ய ஆயத்தமாக இருக்கிறேன். என்னை நிறுத்தியதற்கான காரணத்தை எழுத்தில் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்."

இவ்வளவும் போதும். கோபம், சாபம், பழைய கதை ஒன்றும் அதில் வேண்டாம். இரண்டு பிரதி எடுத்து ஒன்றைப் பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் கந்தோர் தரும் துண்டை மற்றப் பிரதியோடு சேர்த்துக் குத்தி வையுங்கள். பதில் வராது, அது பரவாயில்லை. நீங்கள் கேட்டீர்கள், அவர் மறுத்தெழுதவில்லை என்பதே பின்னால் உதவும்.

சரி, இப்போது நியமனக் கடிதத்துக்கு வருவோம். இது உங்களை மட்டும் பிடித்த பயம் இல்லை. கஸ்தூரியார் வீதியிலிருந்து சுன்னாகம், நெல்லியடி, சாவகச்சேரி வரை கடைகளில் நிற்கும் பிள்ளைகளில் நான் பேசிய பலரும் "எனக்குத்தான் ஒரு கடிதமும் இல்லையே" என்றே தொடங்குகிறார்கள். கடிதம் கொடுப்பது முதலாளியின் கடமை. 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டம் அதைச் சொல்கிறது. வேலைக்குச் சேரும்போதே பதவி, சம்பளம், லீவு போன்ற விபரங்களை எழுதிக் கொடுக்க வேண்டும். அவர் தன் கடமையைச் செய்யாமல் விட்டதை வைத்து உங்கள் உரிமையை மறுக்க முடியாது. வேலை ஒப்பந்தம் வாய்ப்பேச்சில் நடந்தாலும் அது ஒப்பந்தம்தான். நீங்கள் அங்கே வேலை செய்தீர்கள் என்பதைக் காட்டினால் போதும்.

அதை எப்படிக் காட்டுவது? ஏழு வருடம் ஒரு இடத்தில் நின்றவருக்குத் தடயம் இல்லாமல் போகாது. உங்கள் கையெழுத்தில் இருக்கும் பில் புத்தகத்தின் போட்டோக்கொப்பி, "இண்டைக்கு லேட்டா வாறன்" என்று முதலாளிக்கு அனுப்பிய வட்ஸ்அப், அவர் அனுப்பிய "நாளைக்குக் கெதியா வாங்கோ", தீபாவளி விற்பனை நேரம் கடைக்குள் எடுத்த படம், கடையின் பெயர் போட்ட சேட்டு, வங்கியில் காசு போடப் போனபோது நீங்கள் நிரப்பிய துண்டு, சம்பளம் எடுத்து நகைக் கடனோ சீட்டோ கட்டிய கணக்கு, எல்லாம் உதவும். உங்களுக்கு முன்னால் வேலையை விட்டுப் போன பிள்ளைகள் நல்ல சாட்சிகள். இப்போது உள்ளே நிற்பவர்களைச் சாட்சிக்கு இழுக்க அவசரப்படாதீர்கள், அவர்களுக்கும் அடுப்பு எரிய வேண்டும். போனை மாற்றவோ செய்திகளை அழிக்கவோ வேண்டாம். முக்கியமானவற்றைப் படம் எடுத்து வீட்டில் ஒருவருடைய போனுக்கும் அனுப்பி வையுங்கள். அப்புறம் ஒரு கொப்பி வாங்கி, சேர்ந்த திகதி, சம்பளம் எப்போது எவ்வளவாக ஏறியது, எத்தனை மணிக்குத் திறந்து எத்தனை மணிக்குப் பூட்டினீர்கள் என்று நினைவில் இருப்பதையெல்லாம் எழுதுங்கள். அலுவலர் கேட்கும்போது ஒரே கதையை ஒரே மாதிரிச் சொல்ல அது உதவும்.

இனி ஈ.பி.எப். ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958இல் வந்தது, இலக்கம் 15. ஒரே ஒரு ஆளை வேலைக்கு வைத்திருந்தாலும், வேலை தொடங்கிய முதல் நாளிலிருந்தே அது பொருந்தும். "நீங்கள் கெசுவல்", "இது சின்னக் கடை", "முதல் ஒரு வருடம் பழகுகிற காலம்" என்று சொல்வதெல்லாம் சட்டத்தில் இல்லாத கதை. உங்கள் உழைப்பூதியத்தில் 8 வீதத்தைக் கழித்து, தன் பக்கத்திலிருந்து 12 வீதம் சேர்த்து, மொத்தம் 20 வீதத்தை அடுத்த மாதக் கடைசி வேலை நாளுக்குள் முதலாளி கட்ட வேண்டும். இது தவிர, 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டப்படி ஈ.ரி.எப் என்கிற ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதம். அது முழுக்க அவருடைய கையிலிருந்து போக வேண்டும், உங்களிடம் ஒரு சதமும் கழிக்க முடியாது.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 18,000இல் தொடங்கி 32,000 வரை ஏறியிருக்கிறது. நடுவில் சராசரி 24,000 என்று வைத்துக்கொண்டால், மாதம் ஈ.பி.எப் 4,800. ஏழு வருடம் என்றால் 84 மாதம், 403,200 ரூபா. ஈ.ரி.எப் மாதம் 720, மொத்தம் 60,480. இரண்டும் சேர்ந்து 463,680. முதலாளி நீட்டும் 50,000 இதில் ஒன்பதில் ஒரு பங்களவுதான்.

இதற்கு மேல் மேலதிகக் கட்டணமும் இருக்கிறது. ஈ.பி.எப் கட்டப் பத்து நாள் பிந்தினாலே 5 வீதம். பிந்தப் பிந்த அது ஏறி, ஒரு வருடத்தைத் தாண்டினால் நிலுவையில் 50 வீதம். இன்னொரு விடயம் பலருக்குத் தெரியாது: சம்பளம் கொடுக்கும் நேரத்தில் உங்கள் 8 வீதத்தைக் கழிக்காமல் விட்டவர், பிறகு அதை உங்களிடம் திருப்பிக் கேட்க முடியாது. பழைய மாதங்களுக்கான 20 வீதமும் அவருடைய பொறுப்பு. ஆகவே "ஈ.பி.எப் கட்டினால் உங்கள் பங்கை நீங்கள் தரவேண்டி வரும்" என்று வெருட்டினால் அதை நம்ப வேண்டாம்.

விற்பனைக்குக் கொமிசன் தருகிற கடை என்றால், ஈ.பி.எப் கணக்கில் அந்தக் கொமிசனும் சேரும். சாப்பாடு தந்தால் அதன் பெறுமதியும் சேரும். ஓவர்டைம் மட்டும் சேராது. புடவைக் கடைகளில் அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்துக் காட்டி மிச்சத்தைக் கொமிசன் என்று கொடுக்கும் பழக்கம் இருப்பதால் இதைச் சொல்கிறேன்.

இதற்கு எங்கே போவது? லேபர் ஒபிஸ் என்று நாங்கள் சொல்லும் தொழில் திணைக்களத்தின் யாழ்ப்பாண அலுவலகத்துக்கு. முறைப்பாட்டைத் தமிழில் எழுதுங்கள். வடக்கிலும் கிழக்கிலும் நிர்வாக மொழியும் நீதிமன்ற மொழியும் தமிழ் என்று அரசியலமைப்பே சொல்கிறது. கடிதம் சிங்களத்தில் மட்டும் வந்தால் தமிழில் தாருங்கள் என்று கேட்பது சலுகை கேட்பதாகாது. முறைப்பாடு கிடைத்ததும் தொழில் அலுவலர் கடைக்குப் போய்ப் பதிவேடுகளைக் கேட்கலாம், இரண்டு தரப்பையும் விசாரணைக்குக் கூப்பிடலாம். தொகை தீர்மானமான பிறகும் முதலாளி கட்டாவிட்டால், திணைக்களம் நீதவான் நீதிமன்றத்துக்குச் சான்றிதழ் அனுப்பும். அங்கே அது அபராதம் அறவிடுவது போலவே அறவிடப்படும். அந்த வழக்கை நடத்துவது திணைக்களம். உங்களுக்குச் சட்டத்தரணி செலவு இல்லை.

விசாரணையில் "சரி, காசைக் கையிலே தாறன், இதோட முடிப்பம்" என்று ஒரு பேச்சு வரலாம். சமாதானமாக முடிவதில் பிழை இல்லை. ஆனால் ஈ.பி.எப் காசைக் கையில் வாங்காதீர்கள். அது உங்கள் பெயரில் நிதியத்துக்குள் போக வேண்டிய காசு. கையில் தந்துவிட்டால் கட்டியதாகாது, அலுவலகப் பதிவிலும் ஏறாது.

நிதியத்தில் போன காசை எப்போது எடுக்கலாம் என்றும் சொல்லிவிடுகிறேன். ஈ.பி.எப்பைப் பெண்கள் 50 வயதில் எடுக்கலாம், ஆண்கள் 55இல். திருமணத்தின் காரணமாக வேலையை விடும் பெண்களும், நிரந்தரமாக வெளிநாடு போகிறவர்களும் அதற்கு முன்பே எடுக்கலாம். எங்கள் ஊரில் இந்த இரண்டும் அடிக்கடி ஒன்றாகவே நடப்பதால் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். கனடாவுக்குப் போன பிறகு, விட்டுப்போன காசுக்காக ஊரிலுள்ள சொந்தங்களை அலையவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். போகும் முன்பே விண்ணப்பியுங்கள். ஈ.ரி.எப்பை வேலையை விட்டதும் எடுக்கலாம், ஆனால் ஐந்து வருடத்துக்கு ஒரு தடவைதான்.

உங்கள் அம்மாவோ மாமாவோ 1995 இடப்பெயர்வுக்கு முன்னர் எங்காவது வேலை செய்து, ஓடும்போது எல்லாத் தாள்களும் போய்விட்டன என்றால், அவர்களையும் ஒரு தடவை கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அடையாள அட்டை இலக்கம், பழைய வேலையிடத்தின் பெயர், வேலை செய்த காலம் என்று தெரிந்த அளவு எழுதிக் கொடுத்து விசாரிக்கலாம். கட்டிய காசு உறுப்பினருடைய காசு. கேட்கத் தெரியாமல் விட்டவர்கள் நிறைய.

வேலையிலிருந்து நிறுத்தியதற்குத் தனி வழி. அது தொழில் நியாய சபை. கைத்தொழில் பிணக்குகள் சட்டம் 1950இல் வந்தது, 43ஆம் இலக்கம். அதன்படி நிறுத்திய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் யாழ்ப்பாணத்திலுள்ள சபைக்கு நீங்கள் விண்ணப்பிக்கலாம். இந்தக் கெடுவை மட்டும் நாட்காட்டியில் சிவப்பில் எழுதி வையுங்கள். ஈ.பி.எப் முறைப்பாட்டுக்கு இந்தக் கெடு இல்லை, ஒரு வருடம் கழித்தும் கேட்கலாம். நிறுத்தியதற்கான வழக்கு அப்படியில்லை. "லேபர் ஒபிசில் முறைப்பாடு போட்டிருக்கிறேன்தானே, அதன் முடிவைப் பார்ப்போம்" என்று காத்திருந்து ஆறு மாதத்தைத் தவறவிட்டவர்கள் என்னிடம் வந்து அழுதிருக்கிறார்கள். இரண்டு வழியையும் பக்கத்துப் பக்கத்தில் நடத்துங்கள். முதல் மாதத்துக்குள் விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள்.

தொழில் நியாய சபை சாதாரண நீதிமன்றம் போலச் சட்டத்தின் எழுத்தை மட்டும் பார்ப்பதில்லை. நியாயமும் ஒப்புரவும் எது என்று பார்த்துக் கட்டளை போடும் அதிகாரம் அதற்கு உண்டு. திரும்ப வேலைக்கு எடுக்கச் சொல்லலாம், நட்டஈடு கொடுக்கச் சொல்லலாம். நீங்களே நின்று பேசலாம், தொழிற்சங்கத்தின் மூலமும் போகலாம், சட்டத்தரணியும் வரலாம். வசதி இல்லையென்றால் யாழ்ப்பாணத்தில் இருக்கும் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்குப் போங்கள். வருமானத்தைப் பார்த்து இலவசமாகச் சட்டத்தரணி ஒழுங்கு செய்வார்கள். எதிர்ப்பக்கம் சட்டத்தரணி வைத்தால் நீங்களும் வைப்பது நல்லது என்பது என் எண்ணம். குறுக்கு விசாரணையில் தனியாக நிற்பது லேசான காரியம் இல்லை.

பணிக்கொடையும் இங்கே வருகிறது. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டம், நிறுத்துவதற்கு முந்திய 12 மாதத்தில் என்றாவது ஒரு நாளில் 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்த இடங்களுக்குத்தான். அங்கே ஐந்து வருடம் முடித்தவருக்கு, முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் அரைமாதச் சம்பளம். உங்கள் கடையில் ஒன்பது பேர் என்பதால் அந்தச் சட்டம் நேரடியாகப் பொருந்தாது. ஆனால் கதை அதோடு முடியவில்லை. 15 பேருக்குக் குறைந்த இடத்தில் வேலை செய்தவர் பணிக்கொடையைத் தொழில் நியாய சபையில் கேட்கலாம். ஆகவே உங்கள் விண்ணப்பத்தில் அதையும் சேர்த்துக் கேளுங்கள். அதே அரைமாதக் கணக்கில் 16,000 ரூபாவை ஏழால் பெருக்கினால் 112,000. எவ்வளவு கொடுப்பது என்பது சபையின் முடிவு. கேட்காமல் விட்டால் ஒன்றும் வராது.

உண்மையிலேயே ஒன்பது பேர்தானா என்றும் ஒருமுறை யோசியுங்கள். அதே முதலாளிக்கு இன்னொரு கடை இருக்கிறதா? களஞ்சியத்தில் நிற்கும் பெடியன், வான் ஓட்டுகிறவர், தையல் பகுதியில் இருக்கும் அக்காமார், கணக்குப் பார்க்க வருகிறவர் எல்லாரையும் எண்ணினீர்களா? நிறுத்துவதற்கு முந்திய ஆறு மாதத்தில் சராசரியாக 15 பேர் அல்லது அதற்கு மேல் இருந்திருந்தால் 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் வருகிறது. அதன்படி, ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்த, அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதியோ முன்கூட்டியே வேண்டும். இரண்டும் இல்லாமல் நிறுத்தினால் அந்த நிறுத்தமே செல்லாது. இதற்கும் ஆறு மாதத்துக்குள் ஆணையாளருக்கு முறைப்பாடு செய்ய வேண்டும். நிறுத்தியவர்கள் விலகல் கடிதத்தில் கையெழுத்து வாங்க ஏன் இவ்வளவு பாடுபடுகிறார்கள் என்று இப்போது விளங்கும்.

வேலை நேரம் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்ல வேண்டும். கடை ஊழியருக்கு நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 மணித்தியாலம். சாப்பாட்டு நேரம் அதில் சேராது. கிழமைக்கு ஒன்றரை நாள் விடுமுறை. வருடத்துக்கு 14 நாள் வருடாந்த லீவு, 7 நாள் அமய லீவு. ஓவர்டைம் கிழமைக்கு 12 மணித்தியாலத்தைத் தாண்டக் கூடாது, அதற்கு ஒன்றரை மடங்கு கூலி. மாதச் சம்பளத்தை 240ஆல் பிரித்தால் ஒரு மணித்தியாலக் கூலி வரும். உங்கள் 32,000க்கு அது 133 ரூபா சொச்சம், ஓவர்டைமுக்கு 200 ரூபா. காலை 9 மணியிலிருந்து இரவு 7.30 வரை, ஒரு மணித்தியாலம் சாப்பாட்டுக்கு விட்டு, ஆறு நாள் நின்றீர்கள் என்றால் கிழமைக்கு 57 மணித்தியாலம். அதாவது 12 மணித்தியாலம் ஓவர்டைம், கிழமைக்கு 2,400 ரூபா. நல்லூர்த் திருவிழா நேரமும் தீபாவளிக்கு முந்திய கிழமைகளும் இரவு பத்து மணி வரை நின்ற கணக்கு வேறு. தைப்பொங்கல் கடை ஊழியருக்குச் சம்பளத்தோடு கூடிய விடுமுறை நாள்களில் ஒன்று, தீபாவளி அந்தப் பட்டியலில் இல்லை. இது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும்.

குறைந்தபட்சச் சம்பளம் 2025 சித்திரை முதலாம் திகதியிலிருந்து 27,000, 2026 தை முதலாம் திகதியிலிருந்து 30,000. நாட்கூலி என்றால் 1,200. உங்கள் சம்பளம் அதற்கு மேலே. கடையில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் 20,000க்கு நிற்கிறார்கள் என்றால் அவர்களுக்கும் முறைப்பாடு இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. முறைப்பாடு போனதும் "ஸ்டொக் குறையுது, லாச்சியில காசு காணேல்ல" என்று பேச்சுக் கிளம்பலாம். இதற்குப் பயந்து முறைப்பாட்டைத் திரும்பப் பெற்ற பெண்களை எனக்குத் தெரியும். ஏழு வருடமாகக் குறையாத காசு ஈ.பி.எப் கேட்ட கிழமையில் குறைந்தது என்றால், அதைக் கேட்கிறவர்களுக்கும் அந்த நேரம் விளங்கும். பொலிஸ் கூப்பிட்டால் போங்கள், தனியாகப் போகாதீர்கள். வாக்குமூலத்தைத் தமிழில் எழுதச் சொல்லி, வாசித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். காசு தருகிறேன், பொருளுக்குப் பொறுப்பேற்கிறேன் என்று எதிலும் எழுதிக் கொடுக்காதீர்கள். உடனே சட்டத்தரணியிடம் போங்கள்.

முதலாளி சொந்தக்காரர் என்பது உங்களுக்கு எல்லாவற்றிலும் பெரிய பாரமாக இருக்கும் என்று நினைக்கிறேன். அம்மாவிடம் ஆள் அனுப்புவார்கள். "எங்கட ஆக்களுக்குள்ள வழக்கா?" என்று கேட்பார்கள். அம்மாவுக்கு இந்தக் கணக்கை எழுதிக் காட்டுங்கள். சொந்தம் என்பதால் அவர் உங்களுக்குக் கூடச் செய்திருந்தால் அது வேறு கதை. சொந்தம் என்பதால் ஏழு வருடம் கேட்காமல் இருந்தது நீங்கள். நீங்கள் கேட்பது அன்பளிப்பும் இல்லை, கடனும் இல்லை. மாதாமாதம் வந்திருக்க வேண்டிய சம்பளத்தின் ஒரு பகுதி.

இதை வாசிக்கும் சின்னக் கடைக்காரருக்கும் நான் சொல்ல வேண்டியது இருக்கிறது. உங்களில் பலர் கெட்டவர்கள் இல்லை. ஒருவரை வைத்துத் தொடங்கி, இருவராகி, ஐந்தாகி, "பிறகு பதியலாம்" என்று விட்டதுதான். 30,000 ரூபாச் சம்பளத்துக்கு நீங்கள் 2,400 கழித்து, 3,600 சேர்த்து, ஈ.ரி.எப்புக்கு 900 கட்ட வேண்டும். உங்களுக்கு ஒரு ஆளின் உண்மைச் செலவு மாதம் 34,500. ஆள் எடுக்கும் முன்பே இந்தத் தொகையை வைத்து யோசியுங்கள். கட்டாமல் விட்ட 4,500 உங்கள் இலாபம் இல்லை. 50 வீத மேலதிகக் கட்டணத்தோடும், உங்கள் பங்கோடு ஊழியரின் பங்கையும் சேர்த்தும் ஒரு நாள் திரும்பி வரும். நிலுவை இருக்கிறது என்றால் முறைப்பாடு வரும்வரை காத்திராமல் நீங்களாகவே தொழில் திணைக்களத்துக்குப் போய்ப் பேசுங்கள்.

தங்கச்சி, திங்கட்கிழமை லேபர் ஒபிசுக்குப் போகும்போது அடையாள அட்டை, அதன் கொப்பி, பதிவுத் தபால் துண்டு, கடிதத்தின் பிரதி, நீங்கள் எழுதிய கொப்பி, படங்களை அச்செடுத்தது, கடையின் சரியான பெயரும் முகவரியும், தெரிந்தால் அதன் வியாபாரப் பதிவு இலக்கம், எல்லாம் கொண்டு போங்கள். முறைப்பாட்டைக் கொடுத்துவிட்டு, ஏற்றுக்கொண்டதற்குத் திகதி போட்ட அத்தாட்சி இல்லாமல் திரும்பி வராதீர்கள். மாதக் கணக்கில் ஒன்றும் நடக்கவில்லை என்றால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், என் முறைப்பாட்டில் என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று எழுத்தில் கேட்கலாம். அந்தக் கடிதத்தை எழுத உதவி வேண்டுமென்றால் சொல்லுங்கள், நான் எழுதித் தருகிறேன்.